இடது கால் வைத்தியருக்கு, வலது கால் டாக்டருக்கு

என் அண்ணியை அவர் வேலை பார்க்கும் இடத்தில் 'மில்லி அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாகக் கேட்பவர்கள் வேறு எதையோ நினைத்துக்கொண்டு வாய்க்குள் சிரிப்பார்கள். அந்த மில்லி வேறு, இது வேறு. இது மில்லிகிராம்.

எடைக்கற்களுக்கே எடை பார்க்கும் ஆய்வுக்கூடம் அது. மருந்துக் கம்பெனி, நகைக்கடை, கல்லூரி என்று பல இடங்களிலிருந்தும் எடைக்கற்கள் பெட்டி பெட்டியாக வரும். அவற்றை அங்கே இருக்கும் மூல எடைகளோடு ஒப்பிட்டு, 'இது சரி', 'இது இவ்வளவு குறைகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இருபது வருஷமாக அந்தக் கையெழுத்து அண்ணியுடையது. அவர் அந்த அறைக்குள் போக என்ன பாடு படுவார் என்பதை ஒருநாள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். தலைக்கு உறை, கைக்கு உறை, காலுக்கு உறை. உள்ளே போய் அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். தியானமாக்கும் என்று நினைத்தேன். வெளியே வந்ததும் கேட்டால், "என் உடம்புச் சூடு அந்த ரூமுக்குப் பழகணும் தம்பி. இல்லாட்டி முள்ளு ஆடும்" என்றார். எடைக்கல்லை விரலால் தொடவே கூடாது. விரல் ரேகையில் ஒட்டும் பிசுக்குக்கூட ஒரு எடை உண்டாம்.

எனக்குத் தொழில் பிரிட்ஜ் ரிப்பேர். கீழே கடை, மூன்றாவது மாடியில் வீடு. அண்ணன் சரக்கு ரயில் ஓட்டுபவர். கிளம்பிப் போனால் மூன்று நாள் ஆளைப் பார்க்க முடியாது. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆக, அண்ணியை எங்காவது கூட்டிக்கொண்டு போக வேண்டுமென்றால் நானும் என் ஸ்கூட்டரும்தான்.

அந்த வருஷம் அண்ணி திடீரென்று முழுக்கைச் சட்டைக்கு மாறினார். வேர்த்து ஊற்றும் பகலில்கூட மணிக்கட்டு வரை பொத்தான் போட்டுக்கொள்வார். 'ஆபீஸில் ஏசி ஜாஸ்தி' என்றார். தலைக்குத் துணி கட்டிக்கொண்டு தூங்கினார். 'முடி கொட்டுது' என்றார். நாங்கள் இரண்டு ஆண்கள், நம்பினோம். எங்கள் லட்சணம் அவ்வளவுதான்.

ஒருநாள் மருந்துக் கம்பெனி ஒன்றின் நூறு கிராம் எடைக்கல் அண்ணியின் தராசில் மூன்று மில்லிகிராம் கூடக் காட்டியது. காலையில் பார்த்தபோது சரியாக இருந்த கல். மறுபடி வைத்தார், அதே மூன்று. தராசைச் சோதித்தார், தராசு ஒழுங்கு. கடைசியில் பூதக்கண்ணாடியை எடுத்துக் கல்லை உற்றுப் பார்த்திருக்கிறார். உச்சியில் ஒரு செதில். வெள்ளி நிறத்தில், மெழுகுத் துணுக்கு மாதிரி. உறைக்கும் சட்டைக்கும் நடுவே தெரிந்த தன் மணிக்கட்டைப் பார்த்தார். அங்கே அதே மாதிரி நூறு செதில்.

வேறு யாராக இருந்தாலும் ஊதிவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். அண்ணி பதிவேட்டில் எழுதினார்: 'பிழைக்குக் காரணம், சரிபார்ப்பவரின் தோல் துகள்.' அதோடும் விடவில்லை. செதில் மணிக்கட்டுக்கு இறங்கிய போன ஆறு வாரத்தில் தான் கையெழுத்துப் போட்ட எடைக்கற்களை எல்லாம் திருப்பி வரவழைக்க வேண்டும் என்று தலைமை அதிகாரியிடம் தானே எழுதிக் கொடுத்தார். அவை எல்லாம் திரும்பி வந்தன. ஒன்றே ஒன்றில் மட்டும் இரண்டு மில்லி பிசகு. அதிகாரி நல்ல மனிதர், தலையில் கைவைத்துக்கொண்டார். "மத்தவங்க தப்பையே இங்க யாரும் எழுதிக் குடுக்க மாட்டேங்கிறாங்க. நீங்க உங்க தப்பை எழுதித் தர்றீங்க. நான் என்னம்மா பண்றது?" என்று கேட்டாராம். பண்ணியது இதுதான்: குணமாகும் வரை அண்ணிக்கு முன்வாசல் மேசை. வரும் பெட்டிகளுக்கு ரசீது போட வேண்டியது.

அன்று மாலை அண்ணி சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, எங்கள் இருவர் முன்னாலும் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டினார். நான் பார்த்தேன். சிவப்புத் திட்டு, அதன் மேல் அடுக்கடுக்காக வெள்ளைச் செதில். முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களிலும் இன்னும் தடிப்பாக.

"எத்தனை நாளா?" என்றார் அண்ணன்.

"ஏழு மாசம்."

"ஏழு மாசமா எங்களுக்குச் சொல்லலையா?"

"சொன்னா என்ன பண்ணுவீங்க? ரெண்டு பேரும் சண்டை போடுவீங்க."

அப்படியே ஆனது. அண்ணனின் சக டிரைவர் ஒருவருக்கு முட்டி வலியைக் குணமாக்கிய ஆயுர்வேத வைத்தியர் ஒருவர் இருந்தார். அங்கேதான் போக வேண்டும் என்றார் அண்ணன். ஆஸ்பத்திரித் தோல் டாக்டரிடம் போகாமல் வேறெங்கே போவது என்றேன் நான். "கண்ட களிம்பைத் தடவி தோலைக் கெடுக்கவா?" என்றார் அவர். "கண்ட எண்ணெயைத் தடவி மட்டும் என்ன?" என்றேன் நான். குரல் ஏறியது. பக்கத்து வீட்டுக் கதவு திறந்து மூடியது.

அண்ணி சட்டைக் கையை இறக்கிப் பொத்தான் போட்டார். "கத்தி முடிச்சாச்சா? ரெண்டு இடத்துக்கும் போறேன். தம்பி, வண்டி எடு."

வைத்தியரின் இடம் டயர் கடைக்கு மேலே. தாடியும் காவியும் எதிர்பார்த்துப் போனேன். கட்டம் போட்ட சட்டை, கைக்கடிகாரம், அண்ணி வயசுதான் இருக்கும். சுவர் முழுக்கப் பட்டம் வாங்கிய சான்றிதழ்கள். அவர் அண்ணியின் தோலைப் பார்ப்பதற்கு முன்னால் முக்கால் மணி நேரம் கேள்வி கேட்டார். தூக்கம் எப்படி, பசி எப்படி, வயிறு தினமும் கழிகிறதா, கோபம் வந்தால் அடக்குவீர்களா, வேலையில் என்ன நடந்தது. எடைக்கல் கதையைச் சொன்னபோது அண்ணியின் குரல் உடைந்தது. எங்களிடம்கூட அவர் அழவில்லை.

"எங்க நூல்ல கிட்டத்தட்ட இதே அடையாளத்தோட ஒரு நோய் இருக்கும்மா. கிடிபம்னு பேரு. தோல்ல தெரியுது, ஆனா தோல்ல ஆரம்பிக்கலைன்னு சொல்வாங்க" என்றார். சாப்பாட்டில் புளிப்பு, உப்பு, மீன் குறைக்கச் சொன்னார். பிறகு ஜன்னல் ஓரம் கூட்டிப் போய் ஒரு கண்ணாடி ஜாடியைக் காட்டினார். வெட்பாலை இலையைக் கிள்ளித் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்திருந்தார். இலை பச்சை, எண்ணெய் தண்ணீர் மாதிரி. ஆனால் ஜாடிக்குள் இருந்ததோ அடர்ந்த ஊதா நிறம். வெயிலில் பிடித்துப் பார்த்தால் நாவல்பழச் சாறு மாதிரி மின்னியது. அண்ணி ஜாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"சாயம் எதுவும் போட்டீங்களா?"

"சத்தியமா இல்லம்மா. வெயில்தான். நானும் இருபது வருஷமாப் பார்க்கிறேன், இன்னும் ஆச்சரியம் தீரல."

ஆஸ்பத்திரி டாக்டர் முப்பது வயசுகூட ஆகாத பெண். வாசலில் அறுபது பேர். அண்ணிக்குக் கிடைத்தது ஆறு நிமிஷம். ஆனால் அந்த ஆறு நிமிஷத்தில் அவர் அண்ணியின் நகத்தைப் பார்த்தார், தலைமுடியை விலக்கிப் பார்த்தார், விரல் மூட்டுகளை அமுக்கி வலிக்கிறதா என்று கேட்டார். "சொரியாசிஸ். தொத்தாது. யாருக்கும் உங்க மூலமா வராது, அதை முதல்ல மனசுல எழுதி வெச்சுக்கங்க. அடியோட போயிடும்னு சொல்ல மாட்டேன். அடக்கி வெக்கலாம், நல்லாவே அடக்கலாம்" என்றார். களிம்பு எழுதிக் கொடுத்தார்: மூன்று வாரம் தினமும் இரவில், பிறகு சனி ஞாயிறு மட்டும். "இது சக்தி உள்ள மருந்து. நல்லா இருக்குன்னு நீங்களா அள்ளிப் பூசினா தோல் மெலிஞ்சு போகும்."

வீட்டுக்கு வரும் வழியில் ஸ்கூட்டரின் பின்னால் இருந்து அண்ணி சொன்னார்: "தம்பி, எனக்கு ரெண்டு கால் இருக்குல்ல?"

"இருக்கு அண்ணி. ஏன்?"

"ஆளுக்கு ஒண்ணு குடுத்துடலாம்."

இதைச் சொன்னபோது வைத்தியர் முதலில் தலையாட்டி மறுத்தார். தன் வைத்தியம் ஒரு ஆள் முழுவதற்குமானது, ஆளைப் பாதி பாதியாகப் பங்கு போட முடியாது என்றார். டாக்டரும் மறுத்தார். ஒரே ஒரு ஆளை வைத்துச் செய்வதற்கு ஆராய்ச்சி என்று பெயர் இல்லை என்றார். அண்ணி இருவரிடமும் ஒரே பதிலைச் சொன்னார்: "உலகத்துக்குச் சொல்றதுக்கு இல்லைங்க. எனக்குத் தெரியறதுக்கு நான் ஒரு ஆள் போதும்." உள்ளுக்குச் சாப்பிடும் மருந்து எதுவும் இப்போது வேண்டாம், வெளிப்பூச்சு மட்டும், எட்டு வாரம் என்று ஒப்பந்தம் ஆயிற்று. இடது காலுக்கு ஊதா எண்ணெய். வலது காலுக்குக் களிம்பு.

அண்ணி அங்கேயும் நிற்கவில்லை. இடது முன்கையில் இருந்த திட்டுக்கு வெறும் தேங்காய் எண்ணெய் என்றார்.

"அது எதுக்கு அண்ணி?"

"ரெண்டு எடையை மட்டும் ஒப்பிட்டா எது பொய் சொல்லுதுன்னு தெரியாது. மூணாவது ஒண்ணு வேணும். அவரு எண்ணெய்ல இலையும் இருக்கு, தேங்காய் எண்ணெயும் இருக்கு. எது வேலை செய்யுதுன்னு பார்க்க வேண்டாமா?"

நான் பிரிட்ஜ் ரிப்பேர் செய்பவன். கேஸ் போச்சா, மோட்டார் போச்சா என்று கண்டுபிடிக்க நானும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பவன்தான். ஆனாலும் சொந்த உடம்பை ஒருவர் இப்படிப் பார்க்க முடியுமா என்று அசந்துபோனேன்.

ஆபீஸ் தராசைச் சொந்த வேலைக்குத் தொட மாட்டார். ஒரு நகைக்கடை கழித்துப் போட்ட கண்ணாடிக் கூண்டுத் தராசைத் தேடிப் பிடித்தோம். நான் துடைத்துச் சரிசெய்தேன், அவர் முள்ளை ஒழுங்குபடுத்தினார். இரவு மருந்து, காலையில் குளித்துக் கழுவிவிட்டு இரண்டு கால்களிலும் கையிலும் கறுப்புத் துணியில் தைத்த உறை. ஆபீஸிலிருந்து வந்ததும் உறைகளைத் தனித்தனியே காகிதத்தில் உதறி, விழுந்த செதில்களை எடை போட்டு, கட்டம் போட்ட நோட்டில் எழுதுவார். அண்ணன் ரயிலிலிருந்து வந்ததும் வராததுமாக, "என் கால் எவ்வளவு?" என்று கேட்பார். வலது காலைத் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டார். வைத்தியர் கட்சி.

முதல் நாள்: வலது கால் முந்நூற்றுப் பத்து மில்லிகிராம், இடது கால் முந்நூற்று இருபத்தைந்து, கை நூற்று நாற்பது. அந்த எண்களைப் பார்த்து அண்ணி நோட்டை மூடாமல் உட்கார்ந்திருந்தார். "ஒரு நாள்ல இவ்வளவு தோல் செய்யறேனா நான்?" என்றார். பயமாகத்தான் கேட்டார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் வேறு மாதிரி இருந்தது. வானத்தில் எதையோ பார்த்தவர் முகம் மாதிரி.

மூன்றாவது வாரக் கடைசியில் வலது கால் அறுபதுக்கு வந்துவிட்டது. தடிப்பு அமுங்கி, சிவப்பு வெளுத்து, கண்ணால் பார்த்தாலே வித்தியாசம். நான் கடையில் வந்தவர்களிடம் எல்லாம் பீற்றிக்கொண்டேன். இடது கால் இருநூற்று எழுபதில் நின்றது. அண்ணன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு அடுத்த ரயிலுக்குப் போனார்.

ஆனால் அண்ணி ஒன்று கவனித்தார். இடது காலில் அரிப்பு இரண்டாவது வாரமே பாதியாகக் குறைந்திருந்தது. அரிப்புக்கு எடை கிடையாது என்பதால் தனிப் பத்தி போட்டு எழுதினார். எட்டாவது வாரம் முடிந்தபோது வலது இருபத்தைந்து. இடது நூற்று இருபது. வெறும் தேங்காய் எண்ணெய் பூசிய கை நூறு.

கணக்கை வைத்தியரிடமே கொண்டுபோய்க் காட்டினார். வைத்தியர் விரலை வைத்து வரிவரியாகப் படித்தார். "தேங்காய் எண்ணெய் மட்டும் பூசினதும் கொஞ்சம் குறைஞ்சிருக்கே" என்றார். குரலில் சின்ன வருத்தம். "ஆமாங்க. ஆனா இலை போட்டதுல அதைவிட நிறையக் குறைஞ்சிருக்கு பாருங்க. மூணுல ஒரு பங்குதான் மிச்சம்" என்றார் அண்ணி. வைத்தியர் நிமிர்ந்தார். "களிம்பு முந்திடுச்சு" என்றார். "முந்திடுச்சுங்க" என்றார் அண்ணி. இருவரும் சிரித்தார்கள். தன் மருந்து தோற்றதைத் தானே சொல்லிச் சிரிக்கும் மனிதரை அன்றுதான் பார்த்தேன்.

டாக்டரிடமும் அதே நோட்டு போனது. அவர் அதற்கு ஆறு நிமிஷத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார். வெளியே இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். வலப்பக்கத்தில் பேனாவால் ஒரு கேள்வி எழுதினார்: 'எண்ணெயில் இலை தவிர வேறு என்ன?' அடுத்த வாரம் இடப்பக்கத்தில் வைத்தியரின் பதில் வந்தது: 'வேறு எதுவும் இல்லை. களிம்பைத் திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும்?' டாக்டர் எழுதினார்: 'திரும்பி வரலாம். சில சமயம் முன்னைவிட மோசமாக. படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.' இப்படி நேரில் பார்த்தே இராத இருவர் என் அண்ணியின் நோட்டில் பேசிக்கொண்டார்கள். தபால்காரன் நான்.

அந்தப் பதிலை அண்ணி படித்திருந்தார். படித்தும் தப்பு செய்தார். எட்டு வாரக் கணக்குதான் முடிந்துவிட்டதே என்று ஒருவரிடமும் சொல்லாமல் மூன்றையும் ஒரே நாளில் நிறுத்திவிட்டார். எந்தக் குணம் எத்தனை நாள் தாங்குகிறது என்று பார்க்க வேண்டுமாம். வலது கால் பன்னிரண்டே நாளில் பழைய நிலைக்கு ஓடிவந்தது. இடது கால் மூன்று வாரம் தாக்குப்பிடித்தது. அந்த மூன்றாவது வாரத்தில் அண்ணிக்குத் தொண்டை கட்டிக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போயிற்று. பிறகு உடம்பு முழுக்கச் சிறு சிறு புள்ளிகள் கிளம்பின, புள்ளிகள் சேர்ந்து திட்டாயின, திட்டுகள் சேர்ந்தன.

ஒருநாள் மதியம் கடையில் இருந்தவனைப் பக்கத்து வீட்டம்மா ஓடிவந்து கூப்பிட்டார். மேலே போனேன். வெயில் கொளுத்துகிறது, அண்ணி இரண்டு போர்வையைச் சுற்றிக்கொண்டு பல் கிட்டி நடுங்குகிறார். முகம், கழுத்து, கை எல்லாம் ஒரே சிவப்பு. தொட்டால் அடுப்பில் வைத்த பாத்திரம் மாதிரி சுட்டது. சுடும் உடம்பு ஏன் நடுங்க வேண்டும்? பிறகுதான் உறைத்தது. கதவு ரப்பர் கிழிந்த பிரிட்ஜ் உள்ளிருக்கும் குளிரை எல்லாம் வெளியே விட்டுவிடும். அண்ணியின் உடம்பு அதேபோல் சூட்டை விட்டுக்கொண்டிருந்தது. தோல் மூடிக் காக்கவில்லை.

"வைத்தியர் கிட்ட போகலாம், பக்கம்" என்றார் அண்ணி. வாதாட நேரமில்லை. ஆட்டோவில் போனோம். வைத்தியர் படியிறங்கி வந்தார், வண்டிக்குள் குனிந்து ஒருதரம் பார்த்தார். அவ்வளவுதான். "இது என் கையில இல்ல. இப்பவே ஆஸ்பத்திரி. ஒரு நிமிஷம்கூட நிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்து வந்திருந்த நோயாளிகளை அப்படியே விட்டு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். வழி நெடுக டிரைவரை "விரட்டுப்பா, விரட்டு" என்று அவர்தான் விரட்டினார்.

அண்ணி பதினேழு நாள் வார்டில் இருந்தார். முதல் மூன்று நாள் டாக்டர்கள் முகத்தில் சிரிப்பே இல்லை. நரம்பு வழியாகத் தண்ணீர், அறைக்குச் சூடு, உடம்பு முழுக்கச் சாதாரண வழுவழுப்பான களிம்பு. படுக்கை விரிப்பை மாற்றும்போது விழும் செதில்களை அள்ளி, கேட்டதற்கு இணங்க நர்ஸ் ஒருவர் ஆஸ்பத்திரித் தராசில் வைத்தார். கேட்டது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த நிலையிலும்! ஒரு நாளைக்குப் பதினெட்டு கிராம். "நான் கரைஞ்சுக்கிட்டே இருக்கேன் தம்பி. ஆனா தீரவே மாட்டேங்கிறேன் பாரு" என்றார். நான் போர்வையை இழுத்துவிட்டேன். அவருக்கோ அதில் ஏதோ வியப்பு.

எதனால் இப்படி ஆயிற்று என்று அண்ணன் கேட்டார். களிம்பை நிறுத்தியதும் தொண்டைக் காய்ச்சலும் இரண்டும் சேர்ந்திருக்கலாம், இதுதான் என்று ஒன்றை மட்டும் விரல் நீட்ட முடியாது என்றார் டாக்டர். "நான்தாங்க நிறுத்தினேன். அவங்க எழுதிக் குடுத்ததைப் படிச்சுட்டே நிறுத்தினேன்" என்றார் அண்ணி, படுத்தபடியே. அதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவார் போலிருந்தது.

முதலில் வேகமாக அடக்கும் ஒரு மாத்திரை. பிறகு வாரத்துக்கு ஒரே ஒரு நாள் விழுங்கும் மாத்திரை. "ஞாயித்துக்கிழமைன்னா ஞாயித்துக்கிழமை மட்டும். மறந்துபோய் தினமும் போட்டா உயிருக்கே ஆபத்து" என்று டாக்டர் எங்கள் மூன்று பேரையும் தனித்தனியே திருப்பிச் சொல்ல வைத்தார். மாதாமாதம் ரத்தப் பரிசோதனை, கல்லீரல் தாங்குகிறதா என்று பார்க்க. வைத்தியர் பழம் வாங்கிக்கொண்டு வார்டுக்கு வந்திருந்தார். உள்ளுக்கு இனி தன் மருந்து எதுவும் கூடாது, இரண்டும் கல்லீரலில் மோதும் என்று டாக்டருக்கு முன்னால் அவரே சொல்லிவிட்டார். "எண்ணெய் பூசலாமா?" என்று மட்டும் கேட்டார். "தோல் ஆறட்டும், அப்புறம் தாராளமா" என்றார் டாக்டர்.

அன்றுதான் டாக்டர் எங்களை மைக்ரோஸ்கோப் இருக்கும் அறைக்கு அழைத்துப் போனார். சேர்ந்த அன்று அண்ணியின் முதுகிலிருந்து அரிசியளவு தோல் எடுத்திருந்தார்கள். அதைச் சீவி, சாயம் ஏற்றி, கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்தார்கள். அண்ணி சக்கர நாற்காலியில் இருந்தபடி குனிந்தார்.

"கீழ ஊதாவா ஒரு வரிசை தெரியுதா? புதுத் தோல் பிறக்கிற இடம் அது. அங்க பிறக்கிற செல் மேல வந்து உதிர சாதாரணமா ஒரு மாசம் ஆகும். உங்களுக்கு நாலு நாள், அஞ்சு நாள்" என்றார் டாக்டர். "பக்குவப்பட நேரமில்லாம ஓடி வருது. அதான் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு செதிலா நிக்குது."

"இவ்வளவு அவசரமா ஓடச் சொல்றது யாரு?"

"உடம்பைக் காப்பாத்துற படைதாம்மா. எதிரியே இல்லாத இடத்துல எதிரி வந்துட்டான்னு மணி அடிக்குது. ஏன் அடிக்க ஆரம்பிச்சுதுன்னு கேட்டீங்கன்னா, பாதி தெரியும். மீதி எங்களுக்கும் தெரியாது."

அண்ணி வெகுநேரம் தலையை எடுக்கவில்லை. இருபது வருஷம் மூச்சை அடக்கி எடை பார்த்த மனுஷி. அன்றும் மூச்சு விட்டாரா என்றே தெரியவில்லை. பிறகு வைத்தியர் குனிந்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், மறுபடி மாட்டிப் பார்த்தார். திருகைத் திருப்ப டாக்டர் சொல்லிக் கொடுத்தார். கடைசியில், "தோல்ல ஆரம்பிக்கலைன்னு எங்க ஆளுங்க எழுதி வெச்சாங்க. இதெல்லாம் பார்க்காமலே, வெறும் கண்ணாலயும் விரலாலயும் தொட்டு அவ்வளவு தூரம் வந்திருக்காங்க. நீங்க கண்ணாலயே பார்த்துட்டீங்க" என்றார். டாக்டர் சிரிக்கவில்லை. "சார், ஒரு ஆள்கிட்ட முக்கால் மணி நேரம் கேட்டுத் தெரிஞ்சுக்கிறீங்களே, அது எனக்குக் கிடைக்காத பாக்கியம்" என்றார். நானும் அண்ணனும் அந்த அறையில் எதற்கும் உபயோகமில்லாமல் நின்றுகொண்டிருந்தோம். நாங்கள் போட்ட சண்டை எவ்வளவு சின்னது என்று எனக்கு வெட்கமாக இருந்தது. அண்ணனுக்கும் இருந்திருக்கும், என் தோளில் கையைப் போட்டார்.

மூன்று மாதத்தில் தோல் அடங்கியது. அப்படியே அடங்கியது என்று சொன்னால் அதிகம். முழங்கையில் ஒரு ரூபாய் நாணயம் அளவு இன்னும் இருக்கிறது, தலையில் வந்து வந்து போகிறது. ஞாயிறு மாத்திரையும் மாதாமாதம் ரத்தப் பரிசோதனையும் நிற்கவில்லை. முழங்கைக்கு மட்டும் ஊதா எண்ணெய். வைத்தியரிடம் மாதம் ஒருதரம் போகிறார். பேசிவிட்டு வந்தால் இரண்டு நாள் நன்றாகத் தூக்கம் வருகிறதாம். அதற்கும் அவர் நோட்டில் பத்தி இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் மறுபடி உள்ளறை வேலை கிடைத்தது. அறைக்குள் நுழைகிற யாராக இருந்தாலும் முதலில் கை, தலை பார்க்க வேண்டும் என்று ஒரு விதியை அவரே எழுதி, அதிகாரியிடம் கையெழுத்து வாங்கி, கதவில் ஒட்டியிருக்கிறார்.

போன மாதம் ரத்தம் கொடுக்கக் கூட்டிப் போயிருந்தேன். தோல் பிரிவு வாசல் பெஞ்சில் அரைக்கைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். ஓரமாக, யாரையும் தொடாமல் ஒடுங்கி உட்கார்ந்திருந்த ஒரு பெண், கல்யாணம் ஆன புதுசு போல, தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "அக்கா, நீங்க ரெண்டு வைத்தியமும் பார்த்தீங்களாமே. நர்ஸ் சொன்னாங்க. எது அக்கா நல்லது?"

அண்ணி பதில் சொல்ல வாயெடுத்தார். பிறகு நிறுத்திக்கொண்டார்.

"என் காலுக்கு எதுன்னுதான் எனக்குத் தெரியும். உன் காலை நான் பார்க்கவே இல்லையே. எங்க, காட்டு."

அந்தப் பெண் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கணுக்காலுக்கு மேலே துணியை ஒரு சாண் உயர்த்தினாள். அண்ணி குனிந்து, உறை எதுவும் இல்லாத தன் விரலால், அந்தத் திட்டின் ஓரத்தை மெதுவாகத் தடவிப் பார்த்தார். "எரியுதா? அரிக்குதா? எப்ப வந்துச்சு? உள்ள போய் இதையெல்லாம் டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லு. தொத்தாதுன்னு முதல்ல உன் வீட்ல சொல்லு" என்று பேசிக்கொண்டே இருந்தார். அந்தப் பெண் தன் காலின் மேல் இருந்த அந்தக் கையையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே இருந்து அவள் நம்பரை இரண்டுதரம் கூப்பிட்டார்கள். நான் போய், "ஒரு நிமிஷம் சிஸ்டர், வர்றாங்க" என்று சொல்லிவிட்டு வாசலிலேயே நின்றேன்.